அறிவியல் புனைவு கேம் தொடருக்குத் துயர முடிவு பொருந்துமா? மாஸ் எஃபெக்ட் 3-ஐ முன்வைத்து

தகடூரான் (தருமபுரி)

மூன்று பாகங்களையும் இன்னும் முடிக்காதவர்கள் இந்த இழையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கதையின் முடிவுகள் அனைத்தும் இங்கே வெளிப்படையாகப் பேசப்படும்.

மூன்று பாகங்களையும் சேர்த்து 2021-இல் மறுவெளியீடாக வந்த லெஜண்டரி எடிஷனில் மாஸ் எஃபெக்ட் தொடரை முதலிலிருந்து மறுபடியும் ஆடி முடித்தேன். 2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வெளியானபோது எழுந்த எதிர்ப்பு இங்கே பலருக்கு நினைவிருக்கும். நம் பக்கத்துப் பையன்கள் உட்பட அன்று நான் கேட்ட பெரும்பாலோர் சொன்னது, இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் நாயகர் ஷெப்பர்ட் சாகிறார், எல்லாம் நாசமாகிறது என்பதுதான். அந்தக் குறை தவறான இடத்தைச் சுட்டுகிறது என்பது என் கருத்து. அந்தக் கதைக்குத் துயர முடிவுதான் பொருந்தும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை ரீப்பர்கள் என்னும் இராட்சத இயந்திரங்கள் வந்து, வளர்ந்து நிற்கும் நாகரிகங்கள் அத்தனையையும் அறுவடை செய்துவிட்டுப் போகின்றன என்பதை 2007-இல் வந்த முதல் பாகமே சொல்லிவிட்டது. நமக்கு முன்னே ஆண்ட புரோத்தியன்களும் அப்படித்தான் அழிந்தார்கள். இப்படி ஓர் அடித்தளத்தைப் போட்டுவிட்டு, கடைசியில் எல்லோரும் நலமாக வீடு திரும்பினார்கள் என்று முடித்திருந்தால், முந்தைய அழிவுகள் எல்லாம் வெறும் மிரட்டலாகப் போயிருக்கும்.

இதே மூன்றாம் பாகத்தில் மோர்டின் இறக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். க்ரோகன் இனத்தில் குழந்தைகள் பிறக்கவிடாமல் முடக்கிய ஜெனோஃபேஜ் தளர்ந்துவிடாதபடி அதைத் திருத்தியமைத்த அறிவியலாளர்களில் அவரும் ஒருவர். அதற்கான மாற்று மருந்தைக் காற்றில் கலக்க, இடிந்துகொண்டிருக்கும் கோபுரத்தின் உச்சிக்கு அவரே லிஃப்டில் ஏறிப் போகிறார். வேறு யாரேனும் செய்தால் பிழையாகிவிடலாம் என்கிறார். மேலே கருவியின் முன் நின்று வேலை பார்த்தபடியே, இரண்டாம் பாகத்தில் நமக்குப் பாடிக் காட்டிய பாட்டை மெல்ல முணுமுணுக்கிறார். ஒரு வரியின் நடுவில் வெடிப்பு வந்து அதை அறுக்கிறது. பிறகு வெண்ணிறத் துகள்கள் க்ரோகன்களின் மீது உதிர்கின்றன. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு சோகம் என்று யாரும் கடிதம் எழுதவில்லை. அதே ஆட்டக்காரர்கள்தான் கடைசிப் பத்து நிமிடத்தைக் கண்டு கொதித்தார்கள். ஆகவே துயரத்தைத் தாங்க முடியாமல் எழுந்த கொதிப்பாக அதைக் கொள்ள முடியாது. மோர்டினின் சாவுக்கு அவருடைய பழைய செயலே காரணமாக நின்றது. ஷெப்பர்டின் சாவுக்கு அப்படி எதுவும் நிற்கவில்லை. அதுவரை பெயராக மட்டுமே கேட்டிருந்த கேட்டலிஸ்ட் என்ற ஒன்று சிறுவன் உருவில் வந்து, ரீப்பர்களை அழி, கட்டுப்படுத்து, அல்லது உயிர்களையும் இயந்திரங்களையும் இணைத்துவிடு என்று மூன்று வழிகளை நீட்டுகிறது. அந்த மூன்றும் நாம் அதுவரை நடந்து வந்த பாதையிலிருந்து முளைத்தவை அல்ல.

உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

தேன்கனி (ஓசூர்)

தகடூரான் அண்ணா, மோர்டின் காட்சியைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் எட்டும் முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

நான் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பவன். இரவுப் பணி முடிந்து வந்து, தூக்கம் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஆடித்தான் இந்தத் தொடரை முடித்தேன். திரைப்படத்தில் நாயகன் இறந்தால் அது இயக்குநரின் தீர்ப்பு. பார்த்தவர் வருந்திவிட்டு எழுந்து போகலாம். கேமில் நடப்பது வேறு. இங்கே உழைப்பு என்னுடையது. 2010-இல் வந்த இரண்டாம் பாகம் அந்த உழைப்புக்கு என்ன மதிப்பு கொடுத்தது என்று பாருங்கள். கடைசிப் பயணம் தற்கொலைக்கு நிகரானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கப்பலுக்கு வேண்டிய மேம்பாடுகளைச் செய்து, ஒவ்வொரு தோழரின் தனிப்பட்ட சிக்கலையும் தீர்த்து அவர்களுடைய விசுவாசத்தைப் பெற்று, சரியான ஆளைச் சரியான வேலைக்கு அனுப்பினால் ஒருவரும் சாகாமல் திரும்ப முடியும். அசட்டையாக ஆடினால் ஒவ்வொருவராக விழுவார்கள். ஷெப்பர்டே இறந்துபோகவும் வழி உண்டு. அப்படி இறந்த சேவ் ஃபைலை மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. சாவு அங்கே மெய்யாகவே காத்திருக்கிறது. உழைப்பால் அதை வெல்லவும் இடம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைப் போட்டது பயோவேர் நிறுவனம்தான். மூன்றாம் பாகத்தின் கடைசியில் மட்டும், நீ எவ்வளவு உழைத்தாலும் முடிவு துயரமே என்று சொல்வது அந்த ஒப்பந்தத்தை மீறுவதாகும்.

துயர முடிவு ஒரு வழியாக இருக்கட்டும்; அதை நான் எதிர்க்கவில்லை. அது ஒன்றே வழியாக இருப்பதைத்தான் எதிர்க்கிறேன். வாழ்க்கையில் கைக்கு எட்டாத ஒரு நியாயத்தைக் கேமிலாவது உழைத்துப் பெறலாம் என்று நம்பி உட்காரும் மனிதர்களை எழுத்தாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பென்னாகரத்தாள்

நீங்கள் இருவரும் சாவு நேர்வதைப் பற்றிப் பேசுகிறீர்கள். சாவுக்குப் பிறகு வர வேண்டியதைப் பற்றி நான் பேச விரும்புகிறேன்.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கர்ண மோட்சம் நடக்கும் இரவில், கர்ணன் சாகப்போகிறான் என்பது தெரியாத ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. இருந்தும் விடியும் வரை யாரும் எழுந்து போவதில்லை. கடைசி நாள் படுகளத்தில், திடல் முழுவதும் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவத்தின் தொடையில் பீமன் அடிப்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறதா? இல்லை. ஒப்பாரி இருக்கிறது. திரௌபதி கூந்தல் முடிவது இருக்கிறது. கூத்து முடிந்தபின் அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். எதிரியாக விழுந்தவனுக்குக்கூட அழுவதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

2012 மார்ச்சில் வந்த முடிவில் இல்லாமல் போனது இதுதான். ஷெப்பர்ட் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறார். ஒளி ஒன்று பரவுகிறது. விண்மீன்களுக்கிடையே பயணிக்க உதவும் மாஸ் ரிலேக்கள் வெடிக்கின்றன. ஷெப்பர்டின் நார்மண்டி கப்பல் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்ற விளக்கமே இல்லாமல் முன்பின் தெரியாத கோளில் விழுகிறது. நம்மோடு கடைசிக் களம் வரை ஓடிவந்த தோழர் அதிலிருந்து இறங்கி வருகிறார். யார் பிழைத்தார்கள், நாம் குணப்படுத்திய க்ரோகன்கள் என்ன ஆனார்கள், பூமியில் கூடிய அத்தனை இனத்தாரும் தத்தம் ஊருக்கு எப்படித் திரும்புவார்கள் என்பதற்கெல்லாம் ஒரு சொல்கூட இல்லை. ஷெப்பர்டுக்காக அழ அந்த முடிவில் யாருக்கும் இடம் வைக்கவில்லை.

அந்த ஆண்டு ஜூனில் முடிவை விரித்துக் காட்டும் எக்ஸ்டெண்டட் கட் இலவசமாக வந்தபோது அதில் சேர்க்கப்பட்டவற்றில் என்னைத் தொட்டது ஒரு காட்சிதான். கப்பலில் இறந்தோரின் பெயர்கள் பதித்த சுவர் முன் தோழர்கள் கூடுகிறார்கள். ஷெப்பர்டை நேசித்தவர் கையில் அவருடைய பெயர்ப்பலகை. அதைச் சுவரில் பொருத்துகிறார். சாவை அவர்கள் திரும்பப் பெறவில்லை, துக்கத்தைச் சேர்த்தார்கள். பலருடைய கோபம் அதோடு தணிந்ததற்கு அதுவே காரணம் என்று நம்புகிறேன்.

கெலமங்கலம் வாசகன்

அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எக்ஸ்டெண்டட் கட்டில் நான்காவதாக ஒரு முடிவும் வந்தது. கேட்டலிஸ்ட் நீட்டும் மூன்று வழிகளையும் ஷெப்பர்ட் மறுத்துவிடலாம். மறுத்தால் அறுவடை தொடர்கிறது. பூமியில் கூடிய படைகள் தோற்கின்றன. நாம் அறிந்த அத்தனை இனங்களும் அழிகின்றன. பின்னொரு காலத்தில், ஷெப்பர்டின் தோழி லியாரா புதைத்துவைத்த பேழை ஒன்று ஒளிர்ந்து, நாங்கள் போரிட்டோம், எங்களால் வெல்ல முடியவில்லை, நீங்கள் அறிந்துகொள்வதற்காக எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறோம் என்ற பொருளில் பேசுகிறது. அதைக் கண்டெடுத்தவர்கள் அடுத்த சுழற்சியில் ரீப்பர்களை வென்றுவிட்டார்கள் என்பது இறுதிக் காட்சியில் தெரியவருகிறது.

தொடரின் மிக இருண்ட முடிவு இதுதான்; மிக நேர்மையான முடிவும் இதுதான் என்பேன். முதல் பாகத்தில் இலோஸ் என்ற கோளில் நாம் கண்டது என்ன? அழிந்துபோன புரோத்தியன்களில் மிஞ்சிய சிலர், தங்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தே, அடுத்து வருபவர்களுக்காக, ரீப்பர்கள் நுழையும் வாசலான சிட்டடெல் நிலையத்தின் பூட்டைக் கெடுத்துவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாம் உயிரோடு இருந்ததே அவர்களுடைய தோல்வியின் பயன். அதே கடனை நாம் அடுத்தவருக்கு அடைக்கிறோம். லியாரா ஷெப்பர்டின் அறைக்கு வந்து பேழையைக் காட்டி, உங்களைப் பற்றி என்ன எழுதட்டும் என்று கேட்கும் காட்சி மூன்றாம் பாகத்தின் நடுவிலேயே இருக்கிறது. அதாவது இந்த முடிவுக்கான விதை கதைக்குள்ளேயே ஊன்றப்பட்டிருந்தது. மற்ற மூன்றுக்கும் அப்படிச் சொல்ல முடியுமா?

ஆகவே தகடூரான் அண்ணா, நீங்கள் பாதி வழியில் நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நாயகர் ஒருவரின் சாவு மட்டும் போதாது. தோல்வியே இந்தத் தொடருக்கு உரிய முடிவு.

தேன்கனி (ஓசூர்)

தம்பி, உங்கள் வாதம் கதையாகப் படிப்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நாம் திரட்டிய படைகள் முழு வலிமையோடு இருந்தாலும், ஒன்றுமே திரட்டாமல் வந்திருந்தாலும், மறுத்தவுடன் கிடைப்பது அதே தோல்விதான். மூன்றாம் பாகம் முழுவதும் போர் வளங்கள் என்று எண்களாகச் சேர்க்கச் சொன்னார்கள். க்ரோகன் படை, டூரியன் கடற்படை, கெத் என்ற இயந்திர இனமும் அதைப் படைத்த குவேரியன்களும் சமாதானமானால் இரண்டு படைகளும். அத்தனையும் சேர்த்த ஒருவன் மறுத்தால், அந்தப் படைகள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தன, எங்கே நின்றன என்பதையாவது காட்டியிருக்க வேண்டாமா? கடினமான ஒரு வழியை மறுப்பவருக்குத் திறந்திருந்தால் நானும் அதை மதித்திருப்பேன். இப்போது அது, நாங்கள் கொடுத்ததை ஏற்காவிட்டால் இதுதான் கதி என்று ஆட்டக்காரரைத் தண்டிப்பதாக எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்க்காரர்களைத் தனியாகப் பாதித்தது. அந்த எண்களை முழுமையாகக் கணக்கில் கொள்ள, தயார்நிலை என்ற விகிதம் இருந்தது. அது 50 சதவீதத்தில் தொடங்கும். அதை உயர்த்த முக்கிய வழி இணையத்தில் மற்றவர்களோடு மல்டிபிளேயர் ஆடுவதுதான். அழிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, எண்ணிக்கையும் போதுமானதாக இருந்தால் மட்டுமே, இடிபாடுகளுக்கு நடுவே ஷெப்பர்ட் ஒருமுறை மூச்சிழுக்கும் காட்சி கிடைக்கும். 2012-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சிற்றூர்களில் எத்தனை வீடுகளில் மல்டிபிளேயருக்கு ஈடுகொடுக்கும் இணைப்பு இருந்தது? தனியாக ஆடிய நண்பர்கள் எல்லாப் பணிகளையும் முடித்தும் அந்த ஒரு மூச்சை எட்டவில்லை. கதைக்காகவே நாயகர் இறந்தார் என்றால் ஏற்கலாம். இணைய வேகத்துக்காக இறந்தார் என்றால் அதை எந்தக் கதை நியாயத்தால் விளக்குவது? எக்ஸ்டெண்டட் கட் வந்தபோது அந்த அளவைக் குறைத்தார்கள். லெஜண்டரி எடிஷனில் மல்டிபிளேயரே இல்லை. பின்னால் வந்து ஆடுபவர்களுக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

தகடூரான் (தருமபுரி)

தேன்கனி சொல்லும் தயார்நிலைக் குறை முற்றிலும் நியாயமானது. நம்பிக்கை தரும் காட்சியைக் கதைக்கு வெளியே உள்ள ஒரு கணக்கில் கட்டிவைத்தது, துயர முடிவுக்கே இழைத்த தீங்கு. எது கதையின் தீர்ப்பு, எது கடையின் தீர்ப்பு என்று ஆட்டக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் பிறகு எந்த இழப்பும் மனத்தில் தங்காது.

இதே காலத்தில் வந்த வேறு சில கேம்களை நினைத்துப் பாருங்கள். 2010 செப்டம்பரில் வந்த ஹேலோ: ரீச் கேமில் அந்தக் கோள் வீழ்ந்துவிடும் என்பது தொடரை அறிந்த எல்லோருக்கும் தொடங்கும்போதே தெரியும். நோபிள் அணியினர் ஒருவர் பின் ஒருவராக இறக்கிறார்கள். கடைசியில் நோபிள் சிக்ஸ் தனியாக நிற்கிறார். பிழைத்திரு என்பது மட்டுமே திரையில் வரும் கட்டளை. அதை நிறைவேற்றவே முடியாது. அடிபட அடிபடத் தலைக்கவசத்தின் கண்ணாடியில் கீறல்கள் பரவுகின்றன. நாம் அந்தக் கீறல்களின் வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். ஆனால் அந்தச் சாவுக்கு முன்பே பில்லர் ஆஃப் ஆட்டம் கப்பல் தப்பிப் போய்விட்டது. 2001-இல் வந்த முதல் ஹேலோ கேமின் வெற்றி அதில்தான் பயணம் செய்கிறது. தேன்கனி, அங்கே உங்கள் உழைப்புக்கு எந்த மாற்று வழியும் கிடையாது. இருந்தும் அதை யாரும் ஒப்பந்த மீறல் என்று சொல்லவில்லை. காரணம், அந்தக் கேம் தொடக்கத்திலேயே தன் ஒப்பந்தத்தை வேறுவிதமாக எழுதியிருந்தது. ஆகவே, துயரம் ஒன்றே வழி என்பதால் மட்டும் ஒரு முடிவு கெட்டுவிடுவதில்லை.

எதிர்ப்புறத்தில் 2008-இன் ஃபால்அவுட் 3 இருக்கிறது. கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் நாம் போய்ச் சாக வேண்டும், அல்லது சாரா லயன்ஸை அனுப்ப வேண்டும். நம்மோடு நிற்கும் ஃபாக்ஸுக்கோ கதிர்வீச்சு எதுவும் செய்யாது. அவரைப் போகச் சொன்னால், இது உன் விதி என்று சொல்லி மறுக்கிறார். துயரத்தை வலிந்து உண்டாக்குவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2009-இல் ப்ரோக்கன் ஸ்டீல் என்ற டிஎல்சியை (பின்னர் சேர்க்கும் கூடுதல் பகுதி) விலைக்கு விற்று அந்த முடிவையே மாற்றினார்கள். ஃபாக்ஸை அனுப்பவும் வழி வந்தது. நாம் உள்ளே போனாலும் பிழைத்தெழுந்தோம். பயோவேர் சாவை மாற்றாமல் விட்டதை இதோடு ஒப்பிட்டால், அவர்கள் தம் கதையின் மீது கொஞ்சமாவது மதிப்பு வைத்திருந்தார்கள் என்றே சொல்வேன்.

கெலமங்கலம் தம்பிக்கு: தோல்வியை முடிவாக வைப்பதில் எனக்குள்ள அச்சத்துக்கு டெட் ஸ்பேஸ் தொடரே காரணம். 2013-இல் மூன்றாம் பாகத்துக்கு வந்த அவேக்கண்ட் டிஎல்சியின் முடிவில் உயிருள்ள நிலவுகள் பூமியை வந்தடைந்துவிடுகின்றன. நாயகன் ஐசக்கின் போராட்டம் அனைத்தும் வீணாகிறது. அதன்பின் நான்காம் பாகம் வரவே இல்லை. தொடர் அந்த இருட்டிலேயே நின்றுபோனது. லியாராவின் பேழை போல அடுத்தவருக்கு எட்டும் எதுவும் அங்கே மிஞ்சவில்லை.

கெலமங்கலம் வாசகன்

அவேக்கண்டை நானும் காப்பாற்ற வரமாட்டேன். ஆனால் 2019-இன் அவுட்டர் வைல்ட்ஸ் விளையாடிப் பாருங்கள், அண்ணா. 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடிக்கிறது. அதைத் தடுக்க வழியிருக்கும் என்று நம்பிக் கோள் கோளாகத் தேடுகிறோம். சூரியனை வெடிக்கவைக்க முன்னோர் கட்டிய நிலையத்தையே கடைசியில் கண்டுபிடித்து நுழைந்தால், அந்த நிலையம் தோற்றுப்போனது, சூரியன் தன் ஆயுள் முடிந்து தானாகவே சாகிறது, தொலைவில் உள்ள விண்மீன்களும் அப்படியே அணைந்துகொண்டிருக்கின்றன என்று தெரிகிறது. நிறுத்துவதற்கு எதிரியே இல்லை. முடிவில் பேரண்டமே முடிகிறது. தேன்கனி அண்ணா கேட்கும் உழைப்பின் கூலி அங்கே உயிர் பிழைப்பதாக வருவதில்லை, அறிவாக வருகிறது. வழியில் சந்தித்த பயணிகள் ஒவ்வொருவரையும் தேடி அழைத்துவந்தால், நெருப்பைச் சுற்றி அமர்ந்து அவரவர் கருவியில் ஒரே இசையை வாசிக்கிறார்கள். வழியில் சந்திக்காமல் விட்ட சிலருடைய கருவி அந்த இசையில் இருக்காது. நம் உழைப்பு காதில் கேட்கிறது.

பென்னாகரத்தாள்

தம்பி சொன்ன அந்தக் கடைசிச் செய்திதான் குவேரியன்களின் தாயகமான ரானோக்கில் நடந்ததையும் எனக்கு நினைவூட்டுகிறது. கெத்துக்கும் குவேரியன்களுக்கும் சமாதானம் வர, முந்தைய பாகத்திலேயே சில முடிவுகளைச் சரியாக எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரினத்தை இழந்தே தீர வேண்டும். குவேரியன்கள் அழிந்தால் நம் குவேரியன் தோழி டாலி முகமூடியைக் கழற்றிவிட்டுப் பாறையிலிருந்து விழுகிறார். சமாதானம் வந்தாலும் நம் கெத் தோழர் லீஜன் தன்னையே கொடுத்துத்தான் அது வருகிறது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஓர் இழப்பு உண்டு; எவ்வளவு இழப்பு என்பது நம் கையில் இருக்கிறது. தேன்கனியும் தகடூரானும் கேட்பது இரண்டுமே ரானோக்கில் ஒன்றாக இருக்கின்றன.

அப்படி ஒரு சமாதானத்தைச் செய்துவிட்டு வந்த ஷெப்பர்டிடம், இயந்திரங்களும் உயிர்களும் சேர்ந்து வாழவே முடியாது என்று கேட்டலிஸ்ட் சொல்கிறது. 2012 மார்ச்சில் வந்த வடிவில், அதோ பார், வெளியே இரண்டும் ஒன்றாக நின்று போரிடுகின்றன என்று சொல்ல ஷெப்பர்டுக்கு ஒரு வரி கிடையாது. மூன்று பாகங்களாகப் பேசியே காரியங்களைச் சாதித்த ஒருவரின் வாயைக் கடைசிக் கேள்வியில் அடைத்துவிட்டார்கள். எனக்கு அவர் இறந்ததைவிட அதுதான் ஆறவில்லை.

தேன்கனி (ஓசூர்)

ரானோக்கைப் போல முடிந்திருந்தால் நான் இந்த இழையில் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன். அதை ஏற்கிறேன். எதிர்த்தவர்கள் எல்லோரும் மகிழ்ச்சியான முடிவுக்கு அடம்பிடித்தார்கள் என்று இன்றும் எழுதுகிறார்களே, அதை மட்டும் ஏற்க மாட்டேன். ரீடேக் மாஸ் எஃபெக்ட் என்ற பெயரில் கூடியவர்கள் குழந்தைகள் மருத்துவமனைகளுக்காக 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். நிறுவனத்துக்கு மூன்று நிறங்களில் கப் கேக்குகள் அனுப்பினார்கள். நிறம் எதுவானாலும் சுவை ஒன்றே. எங்கள் முடிவெடுப்புக்கு விளைவு எங்கே என்ற கேள்வியைத்தான் அப்படிக் கேட்டார்கள்.

தொடர் என்ற கோணத்திலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த முடிவுகள் ஒன்றோடொன்று சேராதவை என்பதால்தான், 2017-இல் வந்த ஆண்ட்ரோமெடா வேறு விண்மீன் மண்டலத்துக்கே கதையை நகர்த்தி, போர் முடிவதற்கு முன்பே புறப்பட்ட மக்களின் கதையாக வைத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் அடுத்த கேமுக்காக வந்த முன்னோட்டத்தில் வயது கூடிய லியாரா பனியில் நடந்துபோய், ஷெப்பர்டின் கவசத்தில் இருக்கும் என்7 குறி பொறித்த கவசத் துண்டு ஒன்றைக் கையில் எடுக்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார் என்றால் கெலமங்கலம் தம்பிக்குப் பிடித்த முடிவு கணக்கில் வராது. மீதமுள்ள மூன்றில் ஒன்றைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது மற்ற இரண்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு என்ன பதில்?

தகடூரான் (தருமபுரி)

அழிக்கும் வழியையே எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஷெப்பர்ட் மூச்சிழுப்பது அதில் மட்டும்தான். என் கவலை அவர் பிழைப்பதைப் பற்றியதல்ல. அந்த வழியில் ரீப்பர்களோடு சேர்ந்து கெத் இனம் முழுவதும் அழிந்தது. கப்பலை இயக்கிய செயற்கை நுண்ணறிவான ஈடியும் அழிந்தாள். ரானோக்கில் லீஜன் உயிரைக் கொடுத்து வாங்கிய சமாதானத்தை நாமே ஒரு துப்பாக்கிச் சூட்டில் முடித்துவிட்டோம். குவேரியன்கள் திரும்பக் கிடைத்த தாயகத்தில், தங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க வந்த கெத்துகளின் அசைவற்ற உடல்களுக்கு நடுவில்தான் வாழ்ந்திருப்பார்கள். அடுத்த கேம் அந்தக் கோளுக்கு நம்மைக் கூட்டிப்போய், அங்கே ஒரு குவேரியன் கிழவரைக் கொண்டு அதைப் பற்றி நம்மிடம் பேசவைக்க வேண்டும். பதில் சொல்வதற்கு நமக்கும் வரிகள் தர வேண்டும். கெத்துகளை எந்தக் கணக்கும் சொல்லாமல் திரும்ப எழுப்பிவிட்டால், நான் 2012-இல் பயோவேர் பக்கம் நின்று பேசியது போல இனிப் பேச மாட்டேன்.